கூறியது கூறல்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கிறேன். அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த சொல் ‘கூறியது கூறல்’. “மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை” என்பது அப்படியொரு வாக்கியம். வெளியே எட்டிப் பார்க்கத் தேவையில்லை, எப்போதும் உண்மைதான். இதற்கான ‘டோட்டொலொஜி’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ‘அதையே சொல்வது’ என்றுதான் பொருள். நம் பழைய இலக்கணக்காரர் இதை எழுத்தில் வரக்கூடாத குற்றங்களில் ஒன்றாக வைத்தார்கள். தர்க்கக்காரரோ, என்ன நடந்தாலும் பொய்யாகாத வாக்கியத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். குற்றவாளிக்குப் பதவி உயர்வு கிடைத்த கதை என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பேன். வீட்டில் மனைவி சொன்னதையே திரும்பச் சொன்னால், “குற்றம்” என்று விரலைத் தூக்குவேன்.

அவளுடைய மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகு அந்த விளையாட்டெல்லாம் நின்றுபோனது. ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குப் பயம், வெறும் பயம். பலகையில் ‘அல்லது’ என்று எழுதிவிட்டு உடனே அழித்தேன். அது புற்று, அல்லது புற்று அல்ல. முழு உண்மை, ஆனால் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை.

அவள் சைவ சமயத்தவள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

“என்ன கேட்டனீர்?”

“ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு.”

“வேற?”

“வேற என்ன? திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டனான்.”

நான் விரலைத் தூக்கவில்லை.

முடிவு சொல்ல ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டபோது நான் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன். அவள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் சிங்களவர். கடைக்காரரோடு மணிக்கணக்கில் பேரம் பேசும் என் சிங்களம் அன்று கைகொடுக்கவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்து, “பய வென்ன எபா, மொகுத் நே” என்றார். பயப்பட வேண்டாம், ஒன்றுமில்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கும் விளங்கும் சிங்களம்தான். எனக்குள் இறங்கவில்லை.

“ஆயெத் கியன்ன, டொக்டர்” என்று, இன்னொரு தரம் சொல்லக் கேட்டேன். சொன்னார். மறுபடியும் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் அதே சொற்களை அப்படியே சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி என் முன்னால் விரலைத் தூக்கினாள். “இஞ்சாருங்கோ, இது குற்றமெல்லோ?”

“ஓம்” என்றேன். கண்ணீரில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. “நீரும் ஒருக்காச் சொல்லும்.”