கல்வாசலுக்கு ஆறு பேர் வேண்டும்

இது நிஜமாக நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் என் பேச்சுக்கு மதிப்புக் கொஞ்சம் குறைவு. நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தின் பக்கக் கண்ணாடியை ஒரு மான் கழற்றிக்கொண்டு போய் முகம் பார்த்தது என்று ஒருமுறை சொன்னேன். அது பொய். ஏரியில் பிடித்த மீனின் வயிற்றில் என் தொலைந்துபோன கைக்கடிகாரம் கிடைத்தது, சரியான நேரம் காட்டியது என்றேன். அதுவும் பொய். ஐந்து நிமிடம் தாமதமாக ஓடியது.

இது அப்படி இல்லை. நான்கு பேர் கண்ணால் பார்த்தார்கள். ஒருவர் காதால் கேட்டார். அந்த ஒருவர் தீயணைப்புப் படைத் தலைவர். அவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, ரசிக்கவும் தெரியாது.

கனடாவின் சஸ்காட்சுவானில், அமெரிக்க எல்லையை ஒட்டிய கோதுமை வயல்களுக்கு நடுவில் என் வீடு. அடுத்த வீடு மூன்று கிலோமீட்டர். மனைவி ஐரீன் இறந்து ஆறு வருடம். வாரத்தில் ஆறு நாள் வானொலியில் வானிலை சொல்கிறவனோடு மட்டும்தான் பேச்சு. நான் என்ன சொன்னாலும் அவன் பனி என்றுதான் பதில் சொல்வான்.

சனிக்கிழமை மட்டும் எனக்கு ஆட்கள் உண்டு. கணினியில் ஒரு விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. 'நீங்கள் ஒரு இருட்டுக் குகையில் நிற்கிறீர்கள்' என்று திரையில் வரும். என்ன செய்யப் போகிறோம் என்று நாம் தட்ட வேண்டும். மற்றவர்கள் தட்டுவதும் நம் திரையில் வரும். நாங்கள் ஆறு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வாள்காரன் கெர்வின், மூஸ் ஜாவில் லாரி ஓட்டுகிறவன். வில்காரி மேவிஸ், கெனோராவில் இருக்கிறாள். நெப்ராஸ்காவிலிருந்து ஒரு அண்ணன் தம்பி; இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தட்டினால் அதிகம். வைத்தியச்சி ஆர்டித், மனிடோபாவின் வடக்குப் பகுதியில் உள்ள ஃபிளின் ஃபிளான் ஊர்க்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஐந்தடிகூட இல்லை என்று அவளே சொல்வாள். நான் தலைவன். ஆட்டத்தில் எல்லாருக்கும் வேறு பெயர் உண்டு. உங்களுக்குக் குழப்பம் வேண்டாம், சொந்தப் பெயரிலேயே சொல்கிறேன்.

தலைவன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிளம்பும் முன் எல்லாரையும் தயார் செய்ய வேண்டும். கயிறு இருக்கிறதா, பந்தம் இருக்கிறதா, காயத்துக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்பேன். அதன்பிறகு நிஜ உடம்புக்கான கேள்விகள். கழிவறை போயாச்சா, நாயை வெளியே விட்டாச்சா, ரத்த அழுத்த மாத்திரை போட்டாச்சா. நாங்கள் இளவட்டங்கள் இல்லை, பாருங்கள். கடைசியாக ஆர்டித் ஒவ்வொருவரின் நெற்றியையும் தொடுவாள். அதாவது, தொடுகிறேன் என்று தட்டுவாள். அவள் 'தயார்' என்று போட்டால்தான் கிளம்புவோம்.

அந்தச் சனிக்கிழமை கல்வாசல். மூன்று வருடமாகத் திறக்கப் பார்த்த கதவு. ஆறு பேரும் வாசல் முன் நின்று ஆறு பேரும் 'தயார்' என்று தட்டினால்தான் திறக்கும். திங்கட்கிழமை அண்ணனும் தம்பியும் ராணுவப் பயிற்சிக்குப் போகிறார்கள். அன்றைக்குத் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. அப்படித் திறக்காமல் போனால் இத்தோடு கலைந்துவிடலாம் என்று மேவிஸ் முந்தின வாரமே சொல்லியிருந்தாள். கலைந்தால்... எனக்கு வானொலிக்காரன்தான் மிச்சம்.

வியாழக்கிழமை பிடித்த பனிப்புயல் வெள்ளி முழுக்க அடித்தது. சனிக்கிழமை காற்று நின்றது. ஜன்னலின் பாதி உயரத்துக்குப் பனி. சாலை மூடிவிட்டார்கள். மதியம் நடையில் சுவரில் இருக்கிற வெள்ளை அலாரம் கீச்சென்று கத்தியது. ஒவ்வொரு குளிர்காலமும் பேட்டரி தீர்ந்தால் கத்தும். துடைப்பக் கட்டையால் ஒரு குத்து விட்டேன். நின்றது.

நாலரை மணிக்கு என் கீபோர்டு செத்தது. கம்பியில்லாத கீபோர்டு, மகள் வாங்கி அனுப்பியது. வீட்டில் வேறு பேட்டரி இல்லை. கடைக்குப் போக வழியில்லை. சமையலறை நாற்காலியை நடையில் போட்டு ஏறி, அலாரத்தில் இருந்த இரண்டையும் கழற்றி கீபோர்டில் போட்டேன். ஜோராக வேலை செய்தது. தீர்ந்துபோன பேட்டரி எப்படி இவ்வளவு ஜோராக வேலை செய்யும் என்று புத்தியுள்ளவன் அங்கே ஒரு நிமிடம் யோசித்திருப்பான். எனக்குத் தலை வலித்தது. மதியம் தின்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன்.

ஐந்து மணி. வெளியே இருட்டிவிட்டது. கல்வாசல் முன் ஐந்து பேர். ஆர்டித் இல்லை.

எப்போதும் கால் மணி நேரம் முன்னதாக வந்து நிற்கிறவள் அவள். கெர்வின் ஆரம்பித்தான்.

"தலைவரே, போன வாரம் மாதிரி சண்டைக்கு நடுவுல பாத்ரூம் போயிடாதீங்க. அந்தப் பூதம் என்னை ரெண்டு தடவை மென்னுச்சு."

"மென்னுட்டுத் துப்பிடுச்சில்ல? உன்னைத் தின்ன அதுக்கும் மனசு வரல," என்று மேவிஸ் தட்டினாள்.

நான் கயிறு கேட்டேன், பந்தம் கேட்டேன், மாத்திரை கேட்டேன். ஐந்து பத்து ஆயிற்று. அப்போதுதான் கவனித்தேன். வாசல் முன் நிற்கிறவர்கள் பட்டியலில் ஆறு பெயர்.

ஆர்டித் நிற்கிறாள்.

யாராவது வந்தால் 'இன்னார் வருகிறார்' என்று ஒரு வரி வரும். எல்லாருக்கும் வரும். மேலே போய்ப் பார்த்தேன். அவளுக்கு வரவில்லை.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். ஆர்டித் வந்ததும் முதலில் சொல்வது அவள் ஊர்க் குளிர்தான். என் ஊரைவிடப் பத்து டிகிரியாவது குளிர் அதிகம் என்று சொல்லி என்னை மட்டம் தட்டாமல் அவளால் உட்கார முடியாது. அன்றைக்கு ஒரே வரி.

"இங்க குளிரே இல்ல."

"உங்க ஊர்ல மைனஸ் நாப்பத்தொண்ணுன்னு சொல்றாங்களே, அக்கா," என்றாள் மேவிஸ்.



ஆர்டித் அதைக் கண்டுகொள்ளாமல் நெற்றி தொட ஆரம்பித்தாள். 'ஆர்டித் கெர்வினின் நெற்றியைத் தொடுகிறாள். சூடு இருக்கிறது.' அடுத்து மேவிஸ். சூடு இருக்கிறது. அண்ணன். தம்பி. சூடு இருக்கிறது. வழக்கமாக அவள் சூடு பற்றியெல்லாம் எழுதுவதில்லை.

கடைசியில் நான்.

'ஆர்டித் லாயிடின் நெற்றியைத் தொடுகிறாள்.'



என் நெற்றி சில்லென்றது. ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்று நினைத்தேன். காற்று காலையிலேயே நின்றுவிட்டது...

"இவன் தயாரில்ல," என்று வந்தது.

எனக்கு எரிச்சல். கயிறு இருக்கிறது, பந்தம் இருக்கிறது, மாத்திரையும் போட்டாயிற்று, வேறென்ன வேண்டும் என்று தட்டினேன்.

"எடுத்ததை எடுத்த இடத்துல வை, லாயிட்."

"நான் என்னத்தை எடுத்தேன்?"

"ரெண்டு பேட்டரி."

நான் யாரிடமும் சொல்லவில்லை. கீபோர்டு செத்ததைக்கூடச் சொல்லவில்லை.

என்ன பேட்டரி, என்ன நடக்கிறது இங்கே என்று கெர்வின் கேட்டான். விரல் கனத்தது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மெதுவாகத் தட்டினேன்.

"அதைக் கழட்டினா என்னால தட்ட முடியாது. நான் இல்லேன்னா அஞ்சு பேர்தான். வாசல் திறக்காது. இன்னிக்கு விட்டா நாம யாரும் இல்ல, ஆர்டித்."

"நான் இருக்கேன்."

அடுத்த வரி.

"போ."

எழுந்தேன். கால் என் கால் மாதிரி இல்லை. கீபோர்டைக் கவிழ்த்து பேட்டரி இரண்டையும் எடுத்தேன். பேட்டரி மூடி கீழே விழுந்தது. எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போனேன். அங்கேயே கிடந்த சமையலறை நாற்காலியில் ஏறினேன். ஒன்றைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டேன்.

அலறியது.

பேட்டரிக்காகக் கத்துகிற கீச்சு இல்லை. விடாத அலறல். அப்போதுதான் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். விஷவாயு.

கதவு. பூட்ஸ் போடவில்லை. போர்ட்டிகோவைத் தாண்டி, பனியில் முட்டி வரை புதைந்து, என் டிரக்குக்குள் விழுந்தேன். கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது. கூப்பிட்டேன். நேரம் ஐந்து இருபது.

டிரக்கிலிருந்து பார்த்தால் முன்னறை ஜன்னல் தெரியும். பனிக்கு மேலே பாதி ஜன்னல். திரை வெளிச்சம். எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. மற்றவர்கள் என்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

என் கணினி நாற்காலி நான் எழுந்தபோது கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

இப்போது திரையைப் பார்த்திருந்தது.

கொஞ்சம் அசைந்தது...

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பனி வாரும் வண்டி முன்னால் வர, பின்னால் தீயணைப்பு வண்டி வந்தது. டேல்தான் தலைவர். சின்ன வயதில் என் பேருந்தில் வந்தவன். முகமூடி போட்டுக்கொண்டு அவனும் இன்னொருவரும் உள்ளே போனார்கள். வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருக்கிற எரிவாயு ஃபர்னஸின் புகைக்குழாய் பக்கச் சுவர் வழியாக வெளியே போகிறது. அதன் வாயைப் பனி மூடியிருந்தது. நிறமும் மணமும் இல்லாத விஷவாயு முழுக்க வீட்டுக்குள். எரிவாயுவை அடைத்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருப்போம் என்றான் டேல். கிளம்பியவன் திரும்பி வந்தான்.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, லாயிட். கீ தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரூம்ல போய்ப் பாத்தா ஆளில்ல."

மறுபடியும் உள்ளே போய்த் தேடினான். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தான். யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அந்த வாயு மூளைக்கு ஏறினால் இல்லாததெல்லாம் தெரியும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை மதியம் வரை அதை வைத்துச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். கீபோர்டு கவிழ்ந்து கிடக்கவில்லை. நேராக இருந்தது. அடியில் பேட்டரி இடம் காலி. மூடி தரையில், விழுந்த இடத்திலேயே. பேட்டரி இரண்டும் அலாரத்தில். நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசை நெஞ்சுக்கு வந்தது. நாற்காலி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. குள்ளமானவர்களுக்கு வைக்கிற மாதிரி.

கைப்பேசி அடித்தது. கெர்வின்.

"தலைவரே, என்ன ஆட்டம் அது. மூணு மணி நேரம். இத்தனை வருஷத்துல நீங்க இப்படி நடத்தினதே இல்ல. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

வாசல் திறந்ததா என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? ஆர்டித்தம்மா அஞ்சு இருபத்திரெண்டுக்குத் தயார்னு போட்டாங்க. அடுத்த நிமிஷம் நீங்க போட்டீங்க. தொறந்துச்சு."

நான் அப்போது டிரக்கில் இருந்தேன் என்று சொல்லவில்லை. இப்படி நன்றாக நடத்தியதாக என்னை யாரும் பாராட்டியதில்லை. அதைக் கெடுப்பானேன்?

சாயங்காலம் மேவிஸ் கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள். வாசல் திறந்ததற்கு வாழ்த்துச் சொல்ல ஆர்டித்தின் வீட்டுக்குப் போன் போட்டாளாம். மகள் எடுத்தாளாம்.

ஆர்டித் இறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்திருக்கிறார். ஆனால் இறந்தது வியாழக்கிழமை ராத்திரி. புகைக்குழாயைப் பனி மூடியிருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்தபடியே...

"அவங்க வீட்டுல அலாரம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. பேட்டரி இல்லாம இருந்துச்சு." என்றாள் மேவிஸ். "ரெண்டும் அவங்க கீபோர்டுல இருந்துச்சாம்."

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது கம்பி வைத்த கீபோர்டு வாங்கிவிட்டேன். அண்ணனும் தம்பியும் போய்விட்டார்கள், ஆனால் கலைவதைப் பற்றி யாரும் பேசவில்லை. சனிக்கிழமை மூன்று பேர் கூடுகிறோம். நான் கயிறு கேட்கிறேன், பந்தம் கேட்கிறேன். எல்லாரும் தயார் என்று போட்டதும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறோம். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன வாரம் வட்டார நர்ஸ் வந்தாள். நுரையீரலைச் சோதித்துவிட்டு மடியில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வீட்ல தனியாத்தான இருக்கீங்க?"

நான் மேசைப் பக்கம் பார்த்தேன். காலையில்தான் நாற்காலியை என் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தேன். தினமும் ஏற்றுகிறேன்.

மறுபடி இறங்கியிருந்தது.

"அப்படியே எழுதிக்கோம்மா," என்றேன்.