ஒன்பது புள்ளி ஆறு

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. சின்ன வயதில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்லடி, லேசாத்தான் சுடுது" என்றாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர் நூற்று நாலு காட்டியது. தம்பி பிழைத்தான், காது இரண்டும் போயின. கை பொய் சொல்லும், கருவி சொல்லாது என்பது அன்றிலிருந்து அவளுக்கு வேதவாக்கு. வீட்டுக்காரர் எதற்காவது "மனசுக்குச் சரியாப் படல" என்று இழுத்தால், "மனசுக்கு எந்த யூனிட்டுங்க? கிலோவா, லிட்டரா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முடிவுத்தாளைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றாள். குழந்தைகள் காப்பகத்துத் தண்ணீர். ஈயம் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. இருந்தது ஒன்பது புள்ளி ஆறு. போன மாதம் ஏழு. அதற்கு முந்தின மாதம் நாலரை. கருவியில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள், மாறவில்லை.

"பத்துக்குக் கீழதானே? 'ஏற்கத்தக்கது' முத்திரையைக் குத்தி அனுப்புங்க" என்றார் மேலாளர்.

"சார், ஏறிட்டே வருது. அடுத்த மாசம்..."

"அடுத்த மாசத்த இன்னைக்கு அளக்க முடியுமா? நீங்களே எத்தனை பேரைக் கேட்டிருக்கீங்க!" அவர் சிரித்தார். "மீட்டருக்கே சந்தேகம் வந்தா நாங்க எங்க போறது?"

"குடிக்கிறது சின்னப் புள்ளைங்க சார்."

"அதுக்குத் தாள்ல தனிக் கட்டம் இருக்கா? பயம், பாவம் எல்லாம் உங்க சொந்த விஷயம்மா. அது ரிசல்ட் இல்ல."

அவர் பேசியது அவளுடைய வசனம்.

முத்திரையை மையில் ஒற்றினாள். இத்தனை வருடம் ஒரே சொல்லாய்த் தெரிந்த 'ஏற்கத்தக்கது' இன்று நடுவில் பிளந்து நின்றது. ஒன்பது புள்ளி ஆறு என்று கருவி சொன்னது. 'தக்கது' என்று சொன்னது யார்? எந்தக் குழாயில் ஊற்றி அளந்தது அது? பத்து என்று கோடு போட்டவரும் யாருக்காகவோ பயந்துதானே போட்டிருப்பார்? அப்படியானால் இத்தனை ஆயிரம் தாள்களில் அந்தச் சொல்லைச் சொன்னது கருவியில்லை, நான்.

தொலைபேசி அடித்தது. காப்பகத்து ஆயா.

"மேடம், தண்ணி கலங்கலா வந்துச்சுன்னு ரெண்டு நாளா கேன் தண்ணிதான் குடுத்தோம். அதுவும் தீந்துபோச்சு. புள்ளைங்க தாகம்னு பிச்சிப் புடுங்குதுங்க. குழாய்த் தண்ணி குடுக்கலாமா?"

எவ்வளவு இருக்கிறது என்று ஆயா கேட்கவில்லை. குடுக்கலாமா, கூடாதா, அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். வேலை போனால்? சொல்வது தப்பாகிப் போனால்? அம்மாவின் கை போல இதுவும் பொய்யாயிருந்தால்?

"குடுக்காதீங்க."

"ஐயோ, அளவு தாண்டிடுச்சா?"

"இல்ல. அளவுக்குள்ளதான் இருக்கு."

"அப்புறம் ஏங்க?"

கண் தன்னால் கருவிப் பக்கம் போயிற்று. அதனிடம் இந்தக் கேள்விக்கு எண் இல்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க. குடுக்காதீங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

மறுமுனையில், "ஏய், குழாய்லேர்ந்து வாய எடுடி!" என்ற அதட்டலும், யாரோ ஒரு குழந்தை சிணுங்கும் சத்தமும் கேட்டன.

மேலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். முத்திரை குத்தாத தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.