அண்ணனுக்கு வாரிசு உண்டு

எனக்கு எழுத்து வராது. ஐந்தாவதோடு நின்றவன். அண்ணனின் நினைவு மலரில் நீங்கதான் எழுதணும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

அண்ணன் மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லைக் காட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் ஊர் ஊராகக் கிணறு வெட்டி என்னை வளர்த்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், பிள்ளை இல்லை. என் சின்ன மகளை வளர்க்கக் கேட்டார்.

"பொட்டப்புள்ளய வச்சிக்கிட்டு உம் பேரு நிக்குமாண்ணா?" என்றேன்.

அண்ணன் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அது என் தப்பு. எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

கிணற்றில் எங்களுக்குப் பாதி, சித்தப்பா மகனுக்குப் பாதி. எண்பத்து மூன்றில் மழை இல்லை. அண்ணனின் முறை நாளில் அவன் மோட்டார் போட்டான். அண்ணன் நிறுத்தினார்.

"ஒனக்கு எதுக்குத் தண்ணி? யாருக்குச் சேக்கற, உம் பேரனுக்கா?" என்றான் அவன்.

"எங்க மொறை. நவுருடா."

அவன் அரிவாளை எடுத்தான். முதல் வெட்டு அண்ணன் கழுத்தில். அடுத்தது தோளில். நான் ஓடி வருவதற்குள் வாய்க்கால் தண்ணீர் சிவப்பாக ராகிப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து எங்கள் சர்ச் உபதேசியாரிடம் கேட்டேன், பிள்ளையில்லாமல் செத்தவன் கதி என்ன என்று. வேதத்தில் வருகிற அந்தக் காலத்து யூத ஜனமான எபிரேயர்கள், மனிதன் செத்தும் தன் சந்ததியில்தான் நிற்கிறான் என்று நம்பினார்களாம். பிள்ளையில்லாதவன் பேர் அறுந்துவிடும். அது அறாமல் கூடப் பிறந்தவன் ஒரு பிள்ளையை அவன் பேருக்கு நிறுத்தவேண்டும். நிலமும் அந்தப் பேரிலேயே இருக்கும். எதிரியைச் சபித்தாலும், அவன் சந்ததி அறட்டும் என்றுதான் சபிப்பார்களாம்.

நான் கடைசிப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அரிவாளோடு சித்தப்பா மகன் வீட்டுக்குப் போனேன். அவன் ஜெயிலில் இருந்தான். அவன் பையன், நாலு வயது, வாசலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பையனின் அம்மா. பையன்மேல் கையை ஓங்கிவிட்டேன். பின்னாலேயே வந்த அண்ணி வெறுங்கையால் அரிவாளைப் பிடித்தார். உள்ளங்கை பிளந்துவிட்டது. விடவில்லை.

"இவன வெட்டினா உங்கண்ணனுக்குப் புள்ள பொறந்துருமா தம்பி? நீங்க தூக்குல தொங்கினா அவரு பேர நிறுத்த யாருங்க இருக்கா?"

"எங்கிட்ட இருக்கறது ரெண்டும் பொட்டப்புள்ளைங்கதான அண்ணி?"

"அவரு கேட்டதே பொட்டப்புள்ளயத்தான."

அரிவாளைப் போட்டுவிட்டேன்.

எபிரேயரிலும் மகனில்லாத ஒருவனின் பெண்மக்கள் சபையில் எழுந்து, அப்பன் பேர் அழியக்கூடாது என்று நிலம் கேட்டு வாங்கினார்களாம். உபதேசியார் பிறகு சொன்னார். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

சின்னவள் இப்போது அண்ணியோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்பா பேர், அண்ணன் பேர். இந்த மலரில் மகள் என்று போட்டிருப்பது அவளைத்தான். அண்ணன் பங்கு நிலமும் பாதிக் கிணறும் அவளுக்கு என்று எழுதிவிட்டேன்.

வண்டி கொடுத்தவருக்கும், கூலி வாங்காமல் சவப்பெட்டி செய்த கம்பைநல்லூர் பாய்க்கும், உபதேசியாருக்கும் நன்றி. நான் அரிவாளோடு வந்ததைப் போலீசில் சொல்லாத அந்தப் பையனின் அம்மாவுக்கும் நன்றி. அவருக்கும் இந்த மலரைக் கொடுத்தனுப்புவேன். பையன் கிணற்றடிக்கு வரலாம். பயம் வேண்டாம்.