மச்சானின் கண்ணாடிக்கூடு

என் மேசை லாச்சியில் ஒரு கண்ணாடிக்கூடு கிடக்கிறது. மண்ணிறம். மூடி தளர்ந்துபோனதால் ஒரு றப்பர் பட்டி சுற்றியிருக்கிறது. சுற்றியவர் மாமி. உள்ளே ஒன்றும் இல்லை. வீடுவீடாய்ப் பழைய கண்ணாடிகளைச் சேர்த்து, துப்புரவாக்கி, பவர் பார்த்து, கண் முகாம்களில் வசதியில்லாதவர்களுக்குக் கொடுக்கிறவர்களோடு நானும் சேர்ந்து திரிகிறேன். கூடுகள் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இருந்தும் இதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

மாமி என் தாய்மாமனின் மனைவி. துறைமுகத்துக்குப் போகிற தெருவில் எங்களுக்கு அடுத்த வளவு. மாமா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், என் மச்சான். சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவனை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். கழற்றி வைத்த கண்ணாடி கிணற்றுக்கட்டிலேயே இருந்தது. அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது யாரென்றே அவனுக்குத் தெரியாது. அதன் பிறகு மாமி ஏறாத வாசல் இல்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம் என்று சொன்னவர்களிடம், "சாகாத பிள்ளைக்கு என்னத்துக்குப் பத்திரம்?" என்று கேட்டார். சுவரில் மச்சானின் படம் இருந்தது. மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. சொந்தக்காரி ஒருத்தி அறியாமல் அதற்குப் பூ வைத்துவிட்டு மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எங்கள் தெரு முழுக்கத் தெரியும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எங்கள் வேலையில் பார்க்காமல் ஏலாது. நம் சனம் ஒரு கால் முறிந்ததையும் கீறல் விழுந்ததையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளும். அந்தக் குப்பைக்கு நடுவில் இருந்து நான் புறுபுறுத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் மாமி இந்தக் கூட்டோடு வந்தார். உள்ளே இருந்த கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. தினமும் துடைத்திருக்கிறார். "அவன் எங்கயோ கண் தெரியாமல் தடவிக்கொண்டு இருப்பான் தம்பி. நீங்கள் குடுக்கிறது எங்கெங்கயோ போகுதாமே. ஒருவேளை அவனிட்டயும் போய்ச் சேரும்" என்றார். நான் அதை வாங்கிப் பக்கத்தில் நீட்டினேன். பவர் பார்க்கிற கண்ணாடிக்கடைக்காரர் அதை மெஷினில் வைத்துப் பார்த்தார். எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட நினைத்து, "அம்மா, இது வேற ஒருத்தருக்கும் சரிவராது. ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு விதமான பவர். உங்கட மகன் ஒருத்தருக்குத்தான் பொருந்தும்" என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். மாமி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கிண்ணியாவோ கந்தளாயோ, எந்த முகாமானாலும் மாமி எங்களோடு வருவார். மேசையோரம் ஒரு கதிரையில் இருந்துகொண்டு, மச்சானின் வயது மதிக்கத்தக்க ஆண்கள் வந்தால் "ஒருக்காப் போட்டுப் பாருங்கோ ராசா" என்று நீட்டுவார். "மச்சானைக் கண்டால் உங்களுக்கு முகம் தெரியாதா மாமி?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "அடிபட்டு, மறதி வந்து, முகம் மாறியிருந்தால் என்ன செய்யிறது? முகம் மாறும். கண் மாறாது" என்றார். கண்ணும் மாறும், போகப் போகப் பவரும் மாறும். அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் தலை சுற்றுகிறது என்று கழற்றிக் கொடுத்தார்கள்.

குச்சவெளியில் ஒருவர் கழற்றவில்லை. களப்பில் இறால் பிடிக்கிறவர். கண்ணாடியைப் போட்டு, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை வாசித்தார். வெளியே பார்த்து, "தென்னோல கீத்துக் கீத்தாத் தெரியுது" என்று சிரித்தார். மாமி எழுந்துபோய் அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நாடியைத் தூக்கிப் பார்த்தார். அந்த மனிதர் கூச்சத்தோடு வாசல் பக்கம் திரும்பி, "உம்மா, இஞ்ச வாங்க" என்று கூப்பிட்டார். அவருடைய தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். மகனைப் பார்த்தார், பிறகு மாமியைப் பார்த்தார்.

"ஆர்ட கண்ணாடி தங்கச்சி இது?"

"என்ர மகன்ர."

"அவருக்குத் தேவைப்படாதா?"

மாமியின் கைகள் அந்த மனிதரின் முகத்தை விட்டுக் கீழே இறங்கின. "இல்லை" என்றார். "அவன் செத்திட்டான்."

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். எங்களோடு வந்தவர்களுக்குப் பெரிய சந்தோஷம், அப்படிப்பட்ட கண்ணாடிக்கும் ஆள் கிடைத்துவிட்டதே என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி வெறுங்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். நிலாவெளி தாண்டியதும், "தம்பி, சந்தியில இறங்கி ஒரு மாலை வாங்கவேணும்" என்றார். வாங்கிக் கொடுத்தேன். கூட்டை என் கையில் தந்து, "இதையும் ஆருக்காவது குடுத்துவிடு" என்றார். அதன் பிறகு ஒரு முகாமுக்கும் அவர் வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு மாமி இல்லை. பெரிதாக நோய், வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. காத்திருக்க ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

குச்சவெளியில் ஒரு மனிதருக்குக் கண் தெரிகிறது. நல்ல காரியம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடி ஒருவருக்கும் பொருந்தாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நினைக்கக் கூடாது, ஆனால் நினைக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் இரண்டு மாலை வாங்குகிறேன். மேசையில் எதையாவது தேடி லாச்சியை இழுத்தால் கூடு கையில் தட்டுப்படும். அந்த றப்பர் பட்டியை நான் இன்னும் கழற்றவில்லை.