சீர்த்தட்டில் போன சிம்

எங்கள் அப்பாவிடம் ஒரு பொருளைப் பற்றி விளக்கம் சொல்வதைப் போல வீண் வேலை உலகத்தில் கிடையாது. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் "தெரியும், தெரியும்" என்று பொருளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மருந்தடிக்கிற மிஷினோ, பம்புசெட்டு மோட்டாரோ, எதுவானாலும் அப்படித்தான். செல்போனையும் அப்படித்தான் வாங்கினார்.

செல்போன் எங்கள் பக்கம் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. உத்தமபாளையத்துக்குத் தெற்கே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பந்தலில் பழம் கறுக்கிற சமயத்தில் கேரளத்து வியாபாரி ஒருவர் அப்பாவின் செல்லில் கூப்பிடுவார். பேச்சு முடிந்ததும் லாரி வரும், தோட்டத்துப் பழம் மொத்தமும் மலையேறிப் போய்விடும். செல் வந்த தைரியத்தில் வீட்டில் இருந்த பழைய டெலிபோனை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி அந்தச் சனியன் எதற்கு என்பது அவர் வாதம்.

அந்த வருஷம் கோம்பையில் என் அத்தை தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். அப்பாவுக்கு ஒரே தங்கை. தாய்மாமன் சீருக்குத் தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, கம்மல் எல்லாம் தயார். அப்பாவுக்கு அது போதவில்லை. கோம்பையில் எவனும் வைக்காத சீராக ஒன்று வைக்க வேண்டும். தேனிக்குப் போய் அத்தைக்கென்று புத்தம்புது செல்போன் ஒன்றை வாங்கி வந்தார். அதோடு கொடுத்த புது சிம் உயிர் பெற இரண்டொரு நாள் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். காதுகுத்தோ மறுநாள் காலையில்.

தட்டில் வைத்த போன் செத்துக் கிடந்தால் தாய்மாமன் மானம் என்னாவது? எங்கள் பக்கம் சீருக்கு ஒரு குடம் வைத்தால்கூட அதை வெறுங்குடமாக வைக்கமாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது உள்ளே கிடக்கும். அப்பா யோசித்தார். தன் செல்லில் இருந்த சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டார், புது சிம்மைத் தன் செல்லில் செருகிக்கொண்டார். புதுப் போனில் டவர் கோடெல்லாம் எழுந்து நின்றது, பாட்டும் பாடியது, சீர் நிறைந்துவிட்டது. அவர் கணக்கில் சிம் என்பது டார்ச்லைட்டுக்குப் பேட்டரி மாதிரி. எதை எதில் போட்டாலும் எரியும், நம்பர் மட்டும் கையில் இருக்கிற பெட்டியை விட்டு எங்கும் போகாது.

நான் அப்போது மதுரையில் கல்லூரிப் பெண்கள் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நடந்ததெல்லாம் பிறகு அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னது. மல்லிகைச் சரம் சுற்றிய போன் தட்டில் ஏறி, மேளத்தோடு தெருவெல்லாம் ஊர்வலம் வந்திருக்கிறது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அது மணி அடிக்க, கூட்டமே எட்டிப் பார்த்திருக்கிறது. அத்தை எடுத்தால், உரக்கடைக்காரர் அப்பாவைக் கேட்கிறார். இந்த இடத்திலாவது மனுஷனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? தான் இங்கே இருப்பது தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறான், எப்பேர்ப்பட்ட புத்திசாலி என்று உரக்கடைக்காரரை மெச்சினாராம்.

பரீட்சை நடுவில் விடுதி வாசலில் இருந்த காயின் போனிலிருந்து அப்பாவுக்கு அடித்தேன். அத்தை எடுத்தார். அண்ணன் தோட்டத்தில் இருப்பார், சேதி என்ன, ஆள் வழியாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். அத்தை விருந்துக்கு வந்திருக்கிறார் போல என்று நினைத்து, சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்து இறங்கினால் மேற்கு மலை தெரியவில்லை, அத்தனை மேகம். அப்பா பந்தலுக்கு அடியில் செல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. பழம் கறுத்து, இனிப்பேறி வெட்டுக்கு நிற்கிறது. ஒரு மழை கொட்டினால் போதும், பழமெல்லாம் வெடித்துவிடும். வருஷம் பூராவும் கொடியைக் கவாத்து வெட்டி மருந்தடித்துக் காத்ததெல்லாம் மண்ணோடு போகும். வியாபாரியோ கூப்பிடவே இல்லை. நாமே கூப்பிடலாமென்றால் செல்லில் பதிந்து வைத்திருந்த பெயர்கள் ஒன்றுகூட இல்லை. காதுகுத்து வீட்டில் எந்தக் குரங்கோ நோண்டி அழித்துவிட்டது என்று திட்டினார்.

"அத்தை எங்கப்பா?" என்று கேட்டேன்.

"அவ எதுக்கு இங்கன வரப்போறா?"

"நான் போன் அடிச்சப்ப அத்தைதானே எடுத்தாக."

எனக்குப் பொறி தட்டியது. செல்லைப் பிடுங்கி மூடியைக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று புது சிம். நம்பர் பெட்டியில் இல்லை, இந்த நகத்தளவு அட்டையில்தான் இருக்கிறது, பதிந்து வைத்த பெயர்களும் அதில்தான், அது எங்கே போகிறதோ அழைப்பும் அங்கேதான் போகும் என்று பொறுமையாகச் சொன்னேன். அப்பா முதல் முறையாக ஒரு விளக்கத்தை முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு வந்த ஆத்திரம் கடைக்காரர் மேல்.

"அப்ப இம்புட்டுப் பெரிய பெட்டியை எதுக்கு ஆத்தா வித்தான்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புது சிம்மில் பேசக் காசும் இல்லை. நேரில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டார், நானும் ஓடிப் போய் பஸ் ஏறினேன். கோம்பை போய்ச் சேரும்வரை ஒரே புலம்பல். ஊரான் போனுக்கு அழைப்பு வந்தால் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா, வியாபாரியை என்ன சொல்லி விரட்டினாளோ, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கப் போகிறேன் என்று ஜன்னல் கம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அத்தை வீட்டு வாசலில் பயணப் பை ஒன்று கட்டி வைத்திருந்தது. அத்தை செல்லைக் காதில் வைத்து முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், உட்காருங்கள் என்று கையைக் காட்டினாரே தவிர பேச்சை விடவில்லை.

"சேட்டா, பழம் கறுத்துப்போச்சு. நாளைக்கு விடிய வண்டி வந்து நிக்கணும். இல்லேன்னா வேற பார்ட்டி காத்துக்கெடக்கு. எங்கண்ணே ஒங்க மொகத்துக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்காக."

வேறு பார்ட்டி ஒருத்தனும் கிடையாது. அப்பா வாயைத் திறந்தபடி திகைத்துப்போய் நின்றார். போனை வைத்துவிட்டு அத்தை மூச்சுவிடாமல் சொன்னார். உரக்கடைக்காரருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. வெட்டுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. வியாபாரி நேற்றுத்தான் கூப்பிட்டார். இழுத்தடித்தவரை அத்தை இப்போதுதான் சம்மதிக்க வைத்திருக்கிறார். சேதியோடு அடுத்த பஸ்ஸில் எங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாராம்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். சிம்மைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்கு முந்தி அந்தப் பந்தல்ல நான் கட்டாத கொடி கெடையாது, ஆத்தா. பாகம் பிரிக்கையில எனக்கு ஒண்ணும் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அன்னையிலருந்து பழம் எப்படி இருக்குன்னு எங்கிட்ட ஒரு ஆளும் கேட்டதில்லை. இப்ப ஒங்கப்பா தோட்டத்து நம்பரையே தட்டுல வச்சுக் குடுத்துட்டாக. பாத்துக்கன்னு வாயால சொல்லக்கூட இல்ல பாரு."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது, ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. அப்பா இப்போது ஏதாவது உளறிவிட்டால் அந்த முகம் என்னாகும்? நான் அவர் கையைக் கிள்ளத் தயாராக நின்றேன்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா, அதுக்குத்தான் குடுத்தேன்," என்றார்.

அத்தையின் பையை அப்பாவே தூக்கிக்கொள்ள, மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். இரவெல்லாம் வானம் உறுமிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை.

விடியும்போது லாரி வந்து நின்றது. வெட்டாட்கள் பந்தலுக்குள் இறங்கினார்கள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செல்லும் மறு கையில் கத்திரியுமாகப் பந்தல் பந்தலாகப் போய் எந்தக் கொத்தை வெட்டலாம், எதை விடலாம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பெட்டி சுமந்தார். கடைசிப் பெட்டி ஏறி, தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போதுதான் முதல் தூறல் விழுந்தது.

லாரி டிரைவர் புதியவர். சரக்கு ஏற்றியாகிவிட்டது, முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும், முதலாளி யார் என்று பாதி மலையாளத்தில் அப்பாவிடமே கேட்டார்.

அப்பா தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துவிட்டுப் பந்தல் பக்கம் கையை நீட்டினார்.

"அங்கன போனோட நிக்கிறாகல்ல, அவுகதான்."