தகடு இல்லாத டர்போ

வீட்டில் இருந்த ஒரே காரைப் பிரித்துப் போட்டவன் நான்தான். யாரும் என்னைக் கெஞ்சவில்லை. நாற்பத்தெட்டு வயதில், இருபது வருடப் பழைய காருக்கு வேகம் கூட்டும் டர்போ பூட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மூளையிலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி.

டர்போ சாஆ டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு. "ஜெப்புன் சாமான்" என்றார் கடைக்காரர். ஜப்பான் சரக்கு என்றதும் நான் பந்தயத் திடலில் பறக்க ஆரம்பித்துவிட்டேன். எந்த வண்டியுடையது என்று சொல்லும் சின்னத் தகடு மட்டும் அதில் இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் என்னை முறைத்தன.

பட்டறை வைத்திருந்த சீனர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தா தாவு, தா பாசாங்" என்றார். எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் பூட்ட மாட்டாராம். அதற்குள் என் எஞ்சினில் பாதி அவர் தரையில் கிடந்தது. "நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் மூவாரில் என் மனைவியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். அதற்குள் கார் ஓடாவிட்டால், மனைவியின் அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப்பழம் ஏற்றும் லோரியில்தான் போயாக வேண்டும்.

மனைவியைத் தினமும் பேக்டரியில் கொண்டுபோய் விடுவதும் அந்தக் கார்தான். அவளுக்கு லைசென்ஸ் இல்லை, மூன்று முறை டெஸ்டில் தோற்றவள். மேட்டில் கார் பின்னால் உருண்டது, நட்டு வைத்த குச்சிகளைச் சாய்த்தது, பக்கத்தில் இருந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் நான் ஒவ்வொரு விருந்திலும் நாற்காலி போட்டு நடித்துக் காட்டுவேன். சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவாள். "பாத்தீங்களா, தட்ட மட்டும் நேரா ஓட்டுவா" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வாங்குவேன்.

அந்த மூன்று வாரமும் அவள் விடியும் முன் எழுந்து, முச்சந்தி வரை நடந்து பேக்டரி பஸ் பிடித்தாள். மழையிலும்தான். நான் எழும்போது மேசையில் தேத்தண்ணி ஆறியிருக்கும். அதைக் குடித்துக்கொண்டே டர்போவின் விசிறி இறக்கைகளை எண்ணுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரி ஓட்டும் மச்சான் வந்தார். மேசையில் இருந்ததைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எங்க எடுத்தீங்க மாப்ள?" என்று கையை நீட்டினார்.

"மச்சான், இது கார் சாமான். பழம் ஏத்துற லோரிக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் லா. கைய வைக்காதீங்க, அழுக்கு ஒட்டிக்கும்."

அவர் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரிங்க மாப்ள." பிறகு அண்ணனும் தங்கச்சியும் சமையலறையில் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் ஜோக்குக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மச்சான் சொன்னார்: "லாயாங் லாயாங் டவுன்ல ஒரு பாய் இருக்காரு. மோந்து பாத்தே எந்த வண்டின்னு சொல்லிருவாரு." டர்போவைப் பையில் சுமந்துகொண்டு பஸ் ஏறிப் போனேன். அப்படி ஒருவரும் அங்கே இல்லை. நான் விசாரித்த கோழிக்கடைக்காரர்தான் இரக்கப்பட்டு மோந்து பார்த்தார்.

கடைசி வழியாக, டர்போவின் அடித்தட்டில் கிரீஸ் தடவி, பிஸ்கட் பெட்டி அட்டையில் அழுத்தி அச்செடுத்தேன். நான்கு துளை, நடுவில் ஒரு வாய். இது பொருந்தும் எஞ்சின்தான் டர்போவின் தாய்வீடு. கோயில் வாசலில் நின்ற கார்களின் எஞ்சின் மூடியை எல்லாம் திறக்கச் சொல்லி அட்டையை நீட்டினேன். "அங்கிள், இன்சூரன்ஸ் விக்கிறீங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். ஒன்றிலும் பொருந்தவில்லை.

கல்யாணத்தன்று காலை லோரி வந்து நின்றது. மச்சான் எஞ்சின் தண்ணீர் பார்க்க லோரியின் முன்கூண்டைச் சாய்த்தார். உள்ளே புத்தம் புதிதாக ஒரு டர்போ மின்னியது. என் கை தானாகவே பட்டுச் சட்டைப் பைக்குள் போய் அட்டையை எடுத்து நீட்டியது. நான்கு நட்டும் என் நான்கு துளைக்கு நேராக நின்றன.

"கண்டுபுடிச்சிட்டீங்களா மாப்ள?" என்றார் மச்சான். "பழசுல தண்டு ஆடிருச்சு, இரும்புக் கடையில போட்டேன். புதுசு வாங்கறப்ப காட்டணும்னு தகட்ட மட்டும் பேத்து வச்சுக்கிட்டேன்."

"தகடு எங்க?"

மனைவி கைப்பையைத் திறந்து அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தெரிஞ்சுமா சொல்லாம மழையில நடந்து போன?"

"ஆமா. தெனம் பஸ்ஸுல பொம்பளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இன்னைக்கு எத்தன எறக்க எண்ணுனாருன்னு கேப்பாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் பட்டுச்சேலையோடு முன்னால் ஏறினாள். "ஒங்களுக்குப் பின்னால எடம் இருக்கு மாப்ள, நேத்துதான் கழுவுனேன்" என்றார் மச்சான். கழுவித்தான் இருந்தார், பழக்குலையின் முட்களை மட்டும் விட்டுவிட்டு. மூவார் வரை நின்றுகொண்டே போனேன். அடுத்த வாரம் கார் டர்போ இல்லாமல் பழையபடி வந்து சேர்ந்தது. ஆனால் அவள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், எனக்காக. அவள் முந்திக்கொண்டாள். என் பையிலிருந்து அட்டையை உருவி, கண்ணைச் சுருக்கி, கல்யாண மாப்பிள்ளையின் தொப்பைக்கு நேராக நீட்டி, "பொருந்தலையே லா" என்றாள். என் குரலேதான். பிறகு கோழிக்கடைக்காரராக மாறி மோந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் எனக்கு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை அந்தக் கூட்டம்.

நான் எச்சில் தட்டுகளைத் தேடினேன். மண்டபத்தில் அதற்கெல்லாம் ஆள் வைத்திருந்தார்கள். எனக்குப் போக ஒரு சமையலறை இல்லை.