சாச்சியின் ஃபிலிம் ரோல்

எட்டு வயதில் நான் உம்மாவோடு கோபித்துக்கொண்டு நாட்கணக்கில் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆள்தான் மாறிவிட்டது.

வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சாவுக்குப் பழைய காமிராப் பைத்தியம். கண்டியில் பழைய சாமான் கடைகளைக் கிளறி வாங்கி வருவார். சிலவற்றுக்குள் கழுவாத ஃபிலிம் ரோல் அப்படியே கிடக்கும். அதை எங்கள் வீட்டு பாத்ரூமில் வைத்துக் கழுவி, வரும் படங்களை ஃபேஸ்புக்கில் போடுவார். யார் வீட்டுக் கல்யாணமோ, யார் பெற்ற பிள்ளையோ, கிணற்றடியில் தலை துவட்டும் எந்த வீட்டுப் பெண்ணோ, எல்லாம் ஊர் பார்க்கப் போகும். ஒருவரையும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஆளைத் தெரியாதாம். தெரியாவிட்டால் போடாமல் இருக்கலாம் அல்லவா? அது மட்டும் அவருக்குத் தோன்றாது.

கலகெதரையில் உம்மாவின் தாய்வீட்டை ஒதுக்கியபோது, அலுமாரிக்குப் பின்னால் துணியில் சுற்றிய ஒரு காமிரா அகப்பட்டது. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, ஒளித்து வைத்தது. நான் பிறக்கும் முன்பே, பள்ளிக்கூடம் போகும் வயதில், காய்ச்சலில் மவுத்தானவர் அவர். படம் எடுப்பதே ஹராம் என்றிருந்த வீடு அது. சாச்சிக்கு ஒரு படம்கூட இல்லை. நான் அவரை அப்படியே உரித்து வைத்திருப்பதாக எல்லாரும் சொல்வார்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையென்றால் அப்படியொரு ஆசை.

காமிராவுக்குள் ரோல் இருந்தது. சாச்சா துள்ளிக் குதித்தார்.

"தம்பி, கழுவிட்டு எனக்கு மட்டும் காட்டுங்கோ" என்றார் உம்மா. "வெளிய போட வேணாம். முக்காடு இல்லாம நிப்பா. கூட்டாளிமாரும் நிப்பாங்க."

"என்ன மதினி, மவுத்தான புள்ளதானே! பாக்கிறவங்க துஆ கேப்பாங்க. காமிராவ நேத்தே ஃபேஸ்புக்ல போட்டுட்டேன், எல்லாரும் படத்துக்குக் காத்துட்டு ஈக்கிறாங்க."

வாப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் ஜன்னலைப் போர்வையால் அடைத்தார்கள். ரோலைப் பிரித்து டப்பாவுக்குள் ஏற்றி மூடும்வரை ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போச்சு என்று சாச்சா வீட்டிலுள்ள எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே நான் காவல்.

நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. உம்மா வந்தார். என்னை ஒரு கையால் விலக்கினார். கதவை அகலத் திறந்து, லைட்டையும் போட்டார்.

உள்ளே சாச்சா அலறினார்.

"அல்லாஹ்! ஒழு எடுக்க வந்த. மறந்தே போச்சு" என்றார் உம்மா.

சாச்சா விடாமல் கழுவித்தான் பார்த்தார். நுனியிலிருந்து நுனிவரை கறுப்பு. ஆனாலும் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ வந்தேன் என்றவரை யார் ஏச முடியும்? நான் ஏசினேன். பின்வளவில் குழாய் இருக்கிறதே, அங்கே ஒழு எடுத்தால் ஆகாதா என்று கத்தினேன். சொந்தத் தங்கையின் முகத்தை மறுபடி பார்க்க இருந்த ஒரே வழியையும் கெடுத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் நிற்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு, சற்றுப் பிறகு எட்டிப் பார்த்தால் தொழுகை விரிப்பான முஸல்லா மடித்தபடி கதிரையில் கிடக்கிறது, உம்மா குசினியில் தேங்காய் துருவுகிறார். ஒழுவுக்காக எல்லாவற்றையும் நாசமாக்கியவர் தொழக்கூட இல்லை!

மாலையில், அஸர் பாங்குக்குப் பிறகு, சாச்சா குப்பையில் எறிந்த ஃபிலிமை உம்மா எடுத்து வந்தார். குசினி ஜன்னலில் பிடித்து, மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இனி என்னத்தப் பாக்கிறீங்க?" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"சும்மாதான் மகள்."

பிறகு காமிரா சுற்றியிருந்த அதே துணியில் அதைச் சுற்றி, தன் சாரிகளுக்கு அடியில் வைத்தார். அந்த வாரம் முழுவதும் முஸல்லா விரிக்கப்படவேயில்லை. மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகை இல்லை, ஒழுவும் தேவையில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.